கையகல அலகு

பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் கத்தியைப் பற்றியதாகவே இருக்கும். "அண்ணை, நல்ல கத்தி ஒண்டு சொல்லுங்கோ. காட்டு வேலைக்கும் உதவவேணும், ஆபத்தெண்டு வந்தால் கைகொடுக்கவும் வேணும்." சப்பாத்து, மழையங்கி, படுக்கைப்பை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஒன்ராரியோவின் வடக்கே, ஏரியும் காடும் மாறி மாறி வரும் நிலத்தில் கனூப் பயணங்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். அதோடு புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுக் கைவேலையையும் கற்பிக்கிறேன். ஈரவிறகில் தீ மூட்டுவது, கேத்தலைத் தொங்கவிடத் தடி செதுக்குவது, கூடாரம் இல்லாமல் ஓர் இரவு மழையைச் சமாளிப்பது என்று அது விரியும். வருகிறவர்களில் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த நம் பிள்ளைகள். அவர்களுடைய கேள்வியில் இரண்டு தேவைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் நல்ல கத்தியைத் தெரிவுசெய்வதன் முதற்படி. கத்தியை வேலைக்கென்று தெரிவுசெய்ய வேண்டும். பாதுகாப்பை வேறு இடத்தில் தேடவேண்டும். இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காரணங்களையும் ஒருமுறை முறையாக எழுதிவைக்க விரும்பினேன்.

காடு தீர்மானிக்கும் நீளம்

வன்னிக் காட்டோரம் வளர்ந்தவர்களுக்குக் காட்டுக்கத்தி என்றால் மன்னாக்கத்திதான் நினைவுக்கு வரும். கொடியும் முட்பற்றையும் இளமரமும் பின்னிக் கிடக்கும் இடத்தில் நடந்துகொண்டே வெட்டி வழியெடுக்க வேண்டும். அதற்கு வீச்சும் பாரமும் நீளமும் தேவை. மலேசியக் காட்டின் பராங், தென்னமெரிக்காவின் மசேட்டி எல்லாம் இதே தேவையிலிருந்து வந்தவை.

கனடாவின் வடகாடு அப்படியல்ல. ஸ்புரூஸ், போல்சம் ஃபேர், பேர்ச், வெண்பைன் என்று நிற்கும் இந்தக் காட்டில் நாம் போவது பெரும்பாலும் நீர்வழி. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையில் கனூவைத் தோளில் சுமந்து நடக்க ஏற்கெனவே பாதை இருக்கிறது. வீசி வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அல்கொன்குவின் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் அமைக்கப்பட்ட அது ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அங்கே போகிறவர்கள் உயிருள்ள மரத்தை வெட்டக்கூடாது. உட்பகுதிக்குத் தகரப்பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக்கூடாது. ஆகவே மரம் தறிக்கும் கத்திக்கும் அங்கே வேலையில்லை, பேணி திறக்கும் கத்திக்கும் வேலையில்லை.

வேலை இருப்பது குளிரோடும் ஈரத்தோடும்தான். விழுந்து கிடக்கும் காய்ந்த மரத்தை மடக்கு வாளால் அரிந்து, சிறு கோடாலியால் பிளந்த பிறகு, கத்தியின் முறை வருகிறது. பிளந்த விறகின் உட்பகுதி மழைநாளிலும் காய்ந்திருக்கும். அதை மெல்லிய சுருள்களாகச் சீவ வேண்டும். சுருள்கள் அறுந்து விழாமல் தடியிலேயே தங்கி நிற்க வேண்டும். இதைச் சீவல்தடி என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். நல்ல சீவல்தடி இரண்டு மூன்று இருந்தால் ஒரே நெருப்புக்குச்சியில் தீ பிடிக்கும். அதற்கப்பால், கூடாரக் கயிற்றுக்கு முளை கூராக்குவது, தடியில் கொளுவி வெட்டுவது, மீன் துப்புரவாக்குவது, வெங்காயம் அரிவது. ஒரு நாளில் கத்தி உறையை விட்டு வெளியே வரும் தடவைகளில் பெரும்பாலானவை இவைதான். எல்லாமே விரலுக்கு அருகில் நடக்கும் நுண்வேலைகள்.

இந்த நிலத்தின் முதற்குடிகள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். கிழக்கு வனநாட்டு மக்களிடம் வளைந்த அலகுள்ள சிறுகத்தி ஒன்று உண்டு. உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடித்து, தன் பக்கமாக இழுத்துச் சீவுவார்கள். பேர்ச் பட்டைக் கனூவின் விலாச் சட்டம், துடுப்பு, பனிச்சப்பாத்தின் வளையம் எல்லாம் அந்தச் சிறிய அலகில் உருவானவை. கடல்போன்ற ஏரிகளைக் கடந்த கனூக்களைச் செதுக்கிய கத்தி கைக்குள் அடங்குவது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

நீளத்துக்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தவர் மோர்ஸ் கோச்சன்ஸ்கி. சஸ்காச்சுவானில் 1940இல் பிறந்து, 2019இல் மறைந்தவர். 1988இல் வெளிவந்த அவருடைய 'நோர்தேர்ன் புஷ்கிராஃப்ட்' வடகாட்டில் வாழக் கற்பவர்கள் எல்லோரும் தேடிப் படிக்கும் நூல். அலகின் நீளம் உள்ளங்கையின் அகலம் இருந்தால் போதும் என்பது அவர் வழி. பெரியவர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 9 முதல் 11 சென்ரிமீற்றர் வரும். அலகு நீண்டால் நுனி கையிலிருந்து விலகிப் போகிறது. நுனி விலகினால் துளையிடவும் கொளுவி வெட்டவும் கட்டுப்பாடு குறைகிறது. கையகல அலகில் நுனி எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும்.

வாயும் முதுகும்

நீளத்துக்கு அடுத்ததாகப் பார்க்கவேண்டியது அலகின் குறுக்குவெட்டு. கடையில் நின்று கத்தியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நுனியிலிருந்து பிடியை நோக்கிப் பாருங்கள். முதுகின் தடிப்பு 2.5 மில்லிமீற்றருக்கும் 4 மில்லிமீற்றருக்கும் இடையில் இருந்தால் போதுமானது. அதற்கு மேல் போனால் கத்தி மரத்தைச் சீவாமல் பிளக்கத் தொடங்கும். கரட் வெட்டினால் அது வெட்டுப்படாமல் உடைந்து தெறிக்கும்.

மர வேலைக்குப் பெரும்பாலோர் விரும்புவது ஸ்கண்டிநேவியச் சாய்வு. அலகின் பக்கம் தட்டையாக வந்து, கீழ்ப்பகுதியில் ஒரே சாய்வாக இறங்கி வாயில் முடியும். இரு பக்கமும் சேர்த்து அந்தக் கோணம் ஏறத்தாழ 25 பாகை இருக்கும். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. சீவும்போது அகன்ற சாய்வு மரத்தில் படிந்து வழிகாட்டும். எவ்வளவு ஆழமாகச் சீவுகிறோம் என்பது கையின் கட்டுப்பாட்டில் இருக்கும். தீட்டும்போதும் அதே சாய்வைக் கல்லில் படியவைத்தால் கோணம் தானாகவே அமையும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட இலகுவான வாய் கிடையாது. இறைச்சி, மரக்கறி வேலை கூடுதலாக உள்ளவர்களுக்கு முதுகிலிருந்தே மெல்லியதாக இறங்கும் தட்டைச் சாய்வு நல்லது.

முதுகின் விளிம்பைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அது செங்கோணமாக, கூர்விளிம்போடு இருக்க வேண்டும். ஃபெரோ கம்பியில் அந்த விளிம்பைச் சுரண்டினால் பொறி கொட்டும். அதே விளிம்பால் பேர்ச் பட்டையைச் சுரண்டினால் தீ பற்றக்கூடிய பஞ்சுத்தூள் கிடைக்கும். கூர்மையான வாயை இந்த வேலைகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. இரு பக்கமும் வாயுள்ள கத்தியில் இந்த முதுகு இல்லை. சீவும்போது பெருவிரலை வைத்து அழுத்தும் இடமும் முதுகுதான். ஆகவே இருவாய்க் கத்தி இந்த வேலைக்கு ஆகாது. முதுகில் ரம்பப் பல் வெட்டிய கத்திக்கும் இதே குறை உண்டு. பெருவிரல் வைக்கும் இடத்தை அந்தப் பல் தின்றுவிடுகிறது.

உருக்கு

உருக்கைப் பற்றி மணிக்கணக்காக வாதாடலாம். வழிகாட்டி என்ற முறையில் நான் சுருக்கமாகச் சொல்வேன். காபன் உருக்கு தீட்ட இலகு, விலை குறைவு, உடையாமல் தாங்கும். ஆனால் துரு பிடிக்கும். கோடை முழுவதும் கனூவில் நீரோடு புழங்குகிறவர்களுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் உருக்குத்தான் நிம்மதி. சுவீடனில் உருவான 12C27, 14C28N ஆகிய இரண்டும் இந்த வகை. துருவையும் தாங்கும், கல்லிலும் இலகுவாகப் படியும். கடினம் றொக்வெல் C அளவில் 56 முதல் 60 வரை இருந்தால் காட்டு வேலைக்குச் சரி. அதற்கு மேல் கடினம் ஏற ஏறக் கூர் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் வாய் உடையும் ஆபத்தும் கூடும், காட்டில் வைத்துத் தீட்டுவதும் கடினமாகும்.

இந்த நாட்டில் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பமானி சுழியத்துக்குக் கீழே இருபதைத் தாண்டும்போது மரம் உறைந்து இறுகிவிடும். அதிலும் ஃபேர் மரத்தின் காய்ந்த கணு கல் மாதிரி இருக்கும். மெல்லிய ஸ்கண்டிநேவிய வாயை அந்தக் கணுவில் முறுக்கினால் சில்லுச் சில்லாக உதிரும். குளிர்காலப் பயணத்துக்கு முன் வாயின் விளிம்பில் மிகச் சிறிய இரண்டாவது சாய்வு ஒன்றை ஏற்றிக்கொள்வது என் வழக்கம். கல்லில் கோணத்தைச் சற்றே உயர்த்தி மெதுவாக நாலைந்து தடவை இழுத்தால் போதும். கூர்மையில் அணுவளவு குறையும், உறுதி பலமடங்கு கூடும்.

வால், பிடி, உறை

அலகின் பின்பகுதி பிடிக்குள் நீண்டு செல்வதை வால் என்று சொல்வோம். பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் போனால் முழுவால். மெல்லிய தண்டாகப் போனால் குச்சிவால். முழுவால்தான் உறுதி என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஃபின்லாந்தின் புவுக்கோக் கத்திகள் தலைமுறை தலைமுறையாகக் குச்சிவாலோடுதான் வேலை செய்து வந்திருக்கின்றன. பிடியின் இரு விளிம்பிலும் உருக்கு வெளியே தெரியும் முழுவால் கத்தி கடுங்குளிரில் வெறுங்கையைச் சுடும். பேர்ச் மரப்பிடி அப்படிச் சுடாது. கோடாலி கைவசம் இருக்கிறவருக்குக் குச்சிவால் போதும். கோடாலி இல்லாமல், கத்தியின் முதுகில் கொட்டனால் அடித்து விறகு பிளக்கும் நிலை வரக்கூடும் என்று நினைப்பவருக்கு முழுவால்தான்.

வாலுள்ள கத்தியைப் பற்றிப் பேசும்போது உள்ளே வெறுமையான பிடியுள்ள கத்தியையும் சொல்லவேண்டும். 1982இல் வந்த 'ஃபேர்ஸ்ட் பிளட்' படம் அதைப் பரப்பியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹோப் என்ற ஊரில் எடுக்கப்பட்ட படம் அது. பிடிக்குள் நெருப்புக்குச்சியும் தூண்டிலும் வைக்கலாம் என்பது கவர்ச்சியான யோசனை. ஆனால் மலிவாகச் செய்யப்படும் அத்தகைய கத்திகளில் அலகும் பிடியும் சேரும் இடம்தான் மிகப் பலவீனமான இடம். நெருப்புக்குச்சியைக் காற்சட்டைப் பையில் வையுங்கள். பிடி திண்மமாக இருக்கட்டும்.

பிடியைத் தெரிவுசெய்யும்போது கையுறை போட்டும் பிடித்துப் பாருங்கள். விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையை மெல்லத் தொட வேண்டும். விரலுக்கு விரல் குழி வெட்டிய பிடி ஒரே ஒரு பிடிப்புக்குத்தான் பொருந்தும். நெஞ்சுக்கு முன்னே இரு கையாலும், முழங்காலுக்கு வெளியே, பெருவிரலை முதுகில் வைத்து என்று பிடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். முட்டை வடிவக் குறுக்குவெட்டுள்ள எளிய பிடிதான் எல்லாவற்றுக்கும் இடம்கொடுக்கும்.

உறையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான் கத்தியைவிட உறையைக் கூடுதலாகச் சோதிப்பேன். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. கனூ கவிழ்ந்தாலும் இடுப்பிலேயே இருக்க வேண்டும். விழுந்தால் நுனி உறையைத் துளைத்துத் தொடையில் ஏறக்கூடாது. நூல் தையல் மட்டும் உள்ள மெல்லிய தோலுறையை வாய் காலப்போக்கில் அறுத்துவிடும். ஓரத்தில் இன்னொரு தோல்பட்டை வைத்துத் தைத்த உறையோ, கடினப் பிளாஸ்ரிக் உறையோ வேண்டும்.

போர்க்கத்தி என்ன வேலைக்கானது

இனிக் கேள்வியின் மற்றப் பாதி. சண்டைக்கென்றே வடிவமைத்த கத்திகளின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டு தேவைகளும் ஏன் ஒட்டுவதில்லை என்பது விளங்கும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த கத்தியை வடிவமைத்தவர்கள் ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர். ஷாங்காய் மாநகரப் பொலிசில் பணியாற்றியவர்கள். ஒடுங்கிய இருவாய் அலகு, ஊசிபோன்ற நுனி, கை முன்னே வழுக்காமல் குறுக்கே ஒரு தடுப்பு. குத்துவதற்கு மட்டுமானது அது. அதே போரில், 1942இல், கனடியர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்த முதலாம் விசேட சேவைப் படை உருவானது. அந்தப் படைக்கென்று செய்த V-42 கத்தியும் அதே வடிவம்தான். நெம்பினால் உடையும், சீவினால் பயன்தராது. அவற்றைச் செய்தவர்கள் அதை நன்றாக அறிந்தே செய்தார்கள். அந்த வேலைக்கு அது சரியான கருவி. சீவல்தடிக்கு அது தவறான கருவி.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1942இல் ஏற்றுக்கொண்ட கேபார் இரண்டையும் செய்ய முயன்ற கத்தி. ஏழு அங்குல அலகு, கைத்தடுப்பு, ஒருபக்க வாய். வீரர்கள் அதைப் பெரும்பாலும் பயன்படுத்தியது பெட்டி திறக்கவும் கம்பு வெட்டவும் மண் கிளறவும்தான். போர்க்களத்திலேயே கத்தியின் அன்றாடம் வேலைதான் என்றால், விடுமுறைக்குக் காட்டுக்குப் போகும் நமக்கு என்ன வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த வகைப் பெரிய கத்தியோடு ஒரு தம்பி எங்கள் பயணம் ஒன்றுக்கு வந்திருந்தார். நல்ல விலை கொடுத்து வாங்கியது, தரமான உருக்கு. முதல் மாலையில் சீவல்தடி செய்ய அமர்ந்தபோது கைத்தடுப்பு மரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. வாய்க்கும் கைக்கும் இடையில் இரண்டு விரல் தூரம். பலம் எல்லாம் அந்த இடைவெளியில் வீணாகியது. பக்கத்திலிருந்தவர் தன் சிறு கத்தியைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் தம்பியின் தடியில் சுருள் குவிந்துவிட்டது. பிறகு பயணம் முடியும்வரை பெரிய கத்தி பையிலேயே இருந்தது. நான் அவரிடம் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

கரடியும் மனிதரும்

"கரடி வந்தால்?" என்பது அடுத்த கேள்வி. ஒன்ராரியோவின் பெரும்பகுதியில் இருப்பது கருங்கரடி. வளர்ந்த ஆண் கரடி 120 கிலோவிலிருந்து 270 கிலோ வரை இருக்கும். பெரும்பாலான சந்திப்புகளில் அது நம்மைக் கண்டு ஒதுங்கிப் போய்விடும். ஆனாலும் ஆபத்து கற்பனையல்ல. 1991 ஒக்ரோபரில் அல்கொன்குவினின் ஒபியோங்கோ ஏரியில் முகாமிட்டிருந்த இருவரைக் கருங்கரடி ஒன்று கொன்றது. அதை நான் மறைப்பதில்லை.

பத்துச் சென்ரிமீற்றர் அலகு பயன்படும் தூரம் என்ன என்று யோசியுங்கள். கரடி உங்கள் மேலே ஏறிய பிறகுதான் அது எட்டும். கரடி ஸ்பிரே பல மீற்றர் தூரத்திலேயே வேலை செய்யும். அலாஸ்காவில் நடந்த சந்திப்புகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வில், ஸ்பிரே அடித்தபோது பழுப்புக் கரடிகளில் 92 வீதமானவையும் கருங்கரடிகளில் 90 வீதமானவையும் தம் தொந்தரவான நடத்தையை நிறுத்தின. ஆகவே என் இடுப்புப்பட்டியின் கைக்கு எட்டும் பக்கத்தில் ஸ்பிரே இருக்கும், கத்தி மறுபக்கத்தில். அதற்கும் முன்னால் செய்யவேண்டியவை இருக்கின்றன. உணவைக் கூடாரத்திலிருந்து தள்ளி மரத்தில் உயரக் கட்டுவது, சமைத்த இடத்தில் படுக்காமலிருப்பது, நடக்கும்போது பேசிக்கொண்டு போவது, கரடியைக் கண்டால் ஓடாமல் முகம்பார்த்தபடி மெல்லப் பின்வாங்குவது. இவ்வளவையும் மீறிக் கருங்கரடி இரைதேடித் தாக்கினால் செத்ததுபோல் படுக்கக்கூடாது; துடுப்பு, கல், கத்தி என்று கையில் கிடைப்பதெல்லாம் கொண்டு போராட வேண்டும். கத்திக்கு அந்தக் கடைசி இடம் உண்டு. அதற்கு எந்தக் கத்தியும் போதும்.

மனிதரைப் பற்றிய பயத்தைப் பெண்கள்தான் வாய்விட்டுக் கேட்பார்கள். தனியே கனூவில் போகத் திட்டமிட்ட ஒரு தங்கச்சி, "அண்ணை, கரடிக்கு நான் பயப்பிடேல்லை. ஆள் வந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்னவை இவை. பாதையையும் திரும்பும் நாளையும் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக்கொடுங்கள். செய்மதித் தொடர்புக் கருவி ஒன்றை உடம்போடு வைத்திருங்கள், பையில் அல்ல. விசில் கழுத்தில் இருக்கட்டும். தனியே வந்தேன் என்று அந்நியரிடம் சொல்லத் தேவையில்லை. முகாமில் மனம் ஒப்பவில்லை என்றால் சாமானை விட்டுவிட்டுக் கனூவில் ஏறுங்கள். நீரில் பத்து மீற்றர் தள்ளிப் போனாலே நீங்கள் பாதுகாப்பாக இருப்பீர்கள். கத்தியை எடுத்தால் அந்தப் பத்து மீற்றரை நீங்களே கைவிடுகிறீர்கள். நெருக்கத்தில் நடக்கும் கைகலப்பில் கத்தி யார் கையிலும் போகும். இரத்தம் பட்டால் பிடி வழுக்கும். இருவருமே வெட்டுப்படுவது வழக்கம்.

வைத்தியசாலை பல மணி நேரத் தூரத்தில் இருக்கும் இடத்தில் வெட்டுக்காயம் என்பது வேறு கணக்கு. தொடையின் உட்புறத்தில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதனாலேயே என் வகுப்பில் கத்தி கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு பாடங்கள் நடக்கும். முதலாவது, கையை நீட்டிச் சுற்றிப் பார்த்து, எட்டும் தூரத்தில் எவரும் இல்லை என்று உறுதிசெய்வது. இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றி, தொடைக்கு வெளியே சீவுவது. இரண்டாவது, அழுத்திக் கட்டுவதும் இறுக்குக்கட்டுப் போடுவதும். கத்தி வாங்குகிறவர் இறுக்குக்கட்டையும் வாங்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

நோக்கம் என்ற சொல்

கனடாவின் குற்றவியல் சட்டம் ஆயுதத்தை விளக்கும் முறை ஒவ்வொரு கத்திக்காரரும் அறிந்திருக்க வேண்டியது. காயப்படுத்தவோ மிரட்டவோ பயன்படுத்தியது, வடிவமைத்தது, அல்லது அந்த நோக்கத்தோடு வைத்திருப்பது எதுவும் ஆயுதம். நிலையான அலகுள்ள கத்திக்கு அந்தச் சட்டம் நீள எல்லை எதுவும் வைக்கவில்லை. பொத்தானை அமர்த்தினால் தானாக விரியும் கத்தி, முட்டியில் பிடித்துக் குத்தும் கத்தி போன்றவை தடை. மற்றபடி நோக்கம்தான் கேள்வி. பொது அமைதிக்கு ஆபத்தான நோக்கத்தோடு ஆயுதம் வைத்திருப்பது 88ஆம் பிரிவின்படி குற்றம். பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பது 90ஆம் பிரிவில் தனிக் குற்றம். தற்காப்பைப் பற்றிய 34ஆம் பிரிவு 2013இல் திருத்தப்பட்டது. நீங்கள் செய்தது அந்தச் சூழலில் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆயுதம் பாவிக்கப்பட்டதா என்பதும் அதில் எடைபோடப்படும். கரடி ஸ்பிரேயும் அப்படித்தான்: விலங்குக்கென்று வைத்திருந்தால் கருவி, மனிதருக்கென்று வைத்திருந்தால் குற்றம்.

"பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று சுரங்கரயில் நிலையத்தில் பொலிசுக்குச் சொல்லும் ஒரு வாக்கியம், சமையலுக்கும் சீவலுக்கும் வாங்கிய கத்தியை வேறொன்றாக மாற்றிவிடக்கூடும். ஆகவே பேருந்திலும் ரயிலிலும் கத்தி பையின் அடியில், உறைக்குள், மற்ற முகாம் சாமானோடு இருக்கட்டும். கனூ நீரில் இறங்கும் இடத்தில் எடுத்து இடுப்பில் கட்டுங்கள். கத்திக்குப் பேர்போன சுவீடனிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கிறது. தொழிலுக்கும் அதுபோன்ற நியாயமான தேவைக்கும்தான் விலக்கு.

எதை வாங்குவது

அந்தச் சுவீடனின் டலார்னாப் பகுதியில் மோரா என்ற ஊர் இருக்கிறது. 1891இலிருந்து அந்த வட்டாரத்தில் கத்தித் தொழிற்சாலை உண்டு. முதற் கத்தியாக நான் எல்லோருக்கும் சொல்வது மோராவின் கொம்பானியன். அலகு ஏறத்தாழ 10.4 சென்ரிமீற்றர், தடிப்பு 2.5 மில்லிமீற்றர், ஸ்கண்டிநேவியச் சாய்வு, வழுக்காத பிடி, உறுதியான பிளாஸ்ரிக் உறை. சில பத்து டொலர்தான். முழுவால் வேண்டும் என்பவர்களுக்கு 2016இல் வந்த கார்பெர்க், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. கனடாவிலேயே செய்தது வேண்டும் என்றால் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவில் குரோமன் செய்யும் ரஸ்ஸல் கத்தி இருக்கிறது. நீள்வட்ட அலகு, மீனுக்கும் இறைச்சிக்கும் மிக நல்லது.

மிஞ்சும் பணத்தில் தீட்டுக்கல் வாங்குங்கள். ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் மென்மை, கடைசியில் தோல்பட்டை. பனை சீவுகிறவர்கள் மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவிப் பாளைக்கத்தியைத் தீட்டும் முறையை ஊரில் பார்த்தவர்களுக்குத் தோல்பட்டையைப் பற்றி நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. நுண்பொடி ஏறிய மெத்தென்ற தளத்தில் வாயைப் பின்னோக்கி இழுப்பதுதான் இரண்டிலும் நடக்கிறது. மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டியிருக்கும். பலம் கொடுத்த கை வழுக்கும்போதுதான் காயம் வருகிறது. ஒவ்வொரு மாலையும் தீ மூட்டிய பிறகு தீட்டிவிட்டு உறங்குங்கள்.

நம் பெற்றோரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. ஸ்காபரோவில் கத்தி என்றதும் தாய்மாரின் மனதில் எழும் படம் எனக்குத் தெரியும். அதற்குக் காரணங்களும் எனக்குத் தெரியும். பிள்ளையைக் கத்திப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்குகிற தாயிடம் நான் வாதாடுவதில்லை. ஒருநாள் நீங்களும் வந்து பக்கத்தில் இருங்கள் என்று கேட்பேன். வந்து பார்த்தவர்கள் கண்டது இதுதான்: பிள்ளை கைநீட்டிச் சுற்றிப் பார்க்கிறது, முழங்கையை முழங்காலில் ஊன்றுகிறது, சீவி முடித்ததும் அலகைத் துடைத்து உறையில் போடுகிறது, கத்தியை மற்றவருக்குக் கொடுக்கும்போது பிடியை நீட்டி, அவர் வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகே கையை விடுகிறது. ஒரு கரண்டியைச் செதுக்கி முடித்த பிள்ளைக்குக் கத்தி என்றால் கரண்டி, தீ, மீன். வேறு எவரும் அதன் கையில் கத்தியை வேறு காரணத்துக்குக் கொடுக்கும் முன்பே, இந்தக் காரணத்துக்கு நாம் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில், பெரியவர் ஒருவரின் கண்முன்னால், கையகல அலகோடு தொடங்குங்கள்.